போர்வையின் கால்பக்கம்

"மேடம், ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஊசி போட்டா ரத்தம் உறையுமா, உறையாதா?"

கேட்டவர் சர்ஜன் ஞானசிகாமணி. மயக்க மருந்து டாக்டரான தெய்வானை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் சந்தேகம் வந்தால் ஞானசிகாமணி அவரிடம்தான் போய் நிற்பார். சர்ஜன்களில் இப்படி ஒரு அதிசயப் பிறவி.

"ஏன் சார் கேக்கறீங்க?"

"ஒரு கட்டுரை உறையும்ங்குது. இன்னொண்ணு உறையாதுங்குது. தலை சுத்துது."

"யாருக்குப் போட்டீங்க?"

"நீங்க லீவுல இருந்தப்போ பெரியநாயகம்னு ஒருத்தர். கல்லீரல்ல பாதியை எடுத்தோம். அஞ்சு நாளாச்சு. காயத்தை நீங்க பாக்கணும் மேடம்! சிவப்பு இல்ல, வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. அந்த ஊசி எல்லாத்தையும் அடக்கி வெச்சிருக்கு."

அவர் முகத்தில் கல்யாணக் களை.

"கால் எப்படி இருக்கு?"

"காலா?" சிரித்துவிட்டார். "நான் அறுத்தது வயித்துல மேடம்."

தெய்வானை எழுந்து வார்டுக்கு நடந்தார். ஞானசிகாமணி பின்னாலேயே போனார்.

பெரியநாயகத்தின் மனைவி கோமதி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுத்த உடம்பு என்று புருஷனை இந்த ஐந்து நாளும் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அத்தனை பாசம்.

டாக்டரைப் பார்த்ததும் எழுந்துபோய்ப் போர்வையை இடுப்புவரை மடித்து வைத்தாள். தினமும் அப்படித்தான். ஞானசிகாமணி காயத்தைப் பார்ப்பார், "பிரமாதம்" என்பார், போய்விடுவார்.

மறுபடியும் கால்மாட்டில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள்.

தெய்வானை காயத்தின் பக்கமே போகவில்லை. கால்மாட்டில் நின்று போர்வையைத் தூக்கினார்.

வலது கால் காலாக இருந்தது. இடது கால் அதைப்போல் இரண்டு மடங்கு வீங்கி, தோல் பளபளத்தது.

"அம்மா, கையை எடுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கோமதி தைலக் கையோடு அப்படியே உறைந்துபோனாள்.

ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐந்து நாளாக அசையாமல் கிடந்த தொடையின் ரத்தக்குழாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. அழுத்தித் தேய்க்கும்போது அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருந்தால், பெரியநாயகம் இருந்திருக்க மாட்டார்.

ரத்தக்கட்டி வளராமல் இருக்க ஊசி போட்டார்கள்.

"கேள்வி கேட்டீங்களே சார்," என்றார் தெய்வானை. "இப்பக் கேளுங்க."

கோமதிதான் கேட்டாள். "நான் தேய்ச்சது தப்பா டாக்டர்?"

ஞானசிகாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தாநாள் காலையில், காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் சொன்னது:

"கால் வலிதானேம்மா? தைலம் போட்டு நல்லா அழுத்தித் தேய்ங்க."