மங்கையம்மா பேசாத நாட்கள்

டங்கென்று ஒரு சத்தம். அடுப்படியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

குடிலின் சாமான் அறை இருட்டில் படுத்திருந்த ஆவுடையப்பன் கண்ணை இறுக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் மண்டைக்குள் எங்காவது போய் இடிக்கிறதா என்று பார்த்தார். இடிக்கவில்லை. இடப்பக்க நெற்றிப்பொட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். வலி இல்லை. ஒன்பது நாளாகவே இல்லை. இத்தனை நாள் வராதது இனி எந்த நிமிஷமும் வரலாம்.

நாளைக்கே வந்துவிட்டால்?

எழுந்தார். இரண்டு வேட்டியையும் சட்டையையும் துணிப்பையில் திணித்துக்கொண்டார். சொல்லாமல் போய்விட்டால் பிறகு இங்கே திரும்பி வர முகம் இருக்காது என்று, சொல்லிக்கொள்ள வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் மங்கையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்தக் குடிலுக்கு அவர்தான் குரு. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இவருக்கு அவர் அம்மாதான். நாளை விடியுமுன் அம்மா காசிக்குக் கிளம்புகிறார். திரும்ப ஒரு மாதமாகும். அதுவரை, காலையில் மனக்குறையைக் கொட்ட வருகிற ஜனங்களுக்கு முன்னால் தன் மணையில் ஆவுடையப்பன்தான் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"பையெல்லாம் எதுக்கு, டிரைவரே?" என்றார் அம்மா. ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர் என்பதால் குடிலில் அவருக்கு அதுதான் பெயர்.

"ஊருக்குப் போறேன். அந்த மணையில என்னால உட்கார முடியாதும்மா."

"முதல்ல இந்தத் தரையில உட்காருங்க. கீரை நிறையக் கிடக்கு."

உட்கார்ந்து ஒரு முருங்கை ஈர்க்கை எடுத்தார்.

"ஏன் முடியாது?"

"தலைவலி வந்துரும்."

"இப்ப இருக்கா?"

"இல்ல."

"அப்புறமென்ன?"

"இல்லைங்கிறதுதாம்மா பயம். மாசத்துல ஆறு நாள் வலி. மிச்ச நாளெல்லாம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன். ஆக, முப்பது நாளும் அதுக்கே போச்சு. மல்லிப்பூ ஆகாது. சாம்பிராணி ஆகாது. வெயில் ஆகாது. தயிரை விட்டேன். காப்பியை விட்டேன். காப்பியை விட்டதாலதான் வருதோன்னு மறுபடியும் குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"காப்பியா? நல்லா இருந்துச்சு. மறுநாள் வந்துட்டு."

அம்மா சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"ஒருநாள் டவுன் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கேன். கண்ணுக்கு முன்னால ரம்பப் பல்லு மாதிரி ஒரு வெளிச்சம் ஆடுது. கொஞ்ச நேரத்துல ரோட்டுல பாதியைக் காணோம். பின்னால அறுபது பேரு. ஓரங்கட்டி நிறுத்திட்டு ஸ்டீயரிங் மேலேயே வாந்தி எடுத்தேன். குடிச்சிட்டு ஓட்டுறான்னு ஒருத்தர் கன்னத்துல அறைஞ்சாரு. அன்னைக்கு விட்டதுதான் வண்டி. இப்ப நீங்க மறுபடியும் ஜனங்களை என்னை நம்பி உட்கார வைக்கிறீங்க. நடுவுல வந்துட்டா நான் என்ன செய்வேன்?"

"நான் செய்யுறதைத்தான்."

"உங்களுக்கு என்ன?"

அம்மா உருவின ஈர்க்கைத் தூரப் போட்டார். "மாசத்துல ரெண்டு மூணு நாள் பேசாம உட்கார்ந்திருப்பேனே."

"மௌன நாள். அன்னைக்குத்தானே கூட்டம் தாங்காது."

"அன்னைக்கு எனக்கு வலப்பக்கம் மண்டை பிளக்கும்."

ஆவுடையப்பன் கையிலிருந்த கீரை மடியில் விழுந்தது.

"வாயைத் திறந்தா வாந்தி வந்துரும். அதான் பேசுறதில்ல."

"அப்ப அது விரதம் இல்லையா?"

"தலைவலின்னு மொத நாளே சொன்னேன். செக்குக்காரர் வீட்டுக் கோமதி, 'எவ்வளவு அடக்கம் பாருங்க'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. அடுத்த தடவையும் சொன்னேன். 'நம்ம வினையை எல்லாம் அம்மா தன் தலையில வாங்கிக்கிடுதாங்க'ன்னு அழுதா. அதுக்கப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

ஆவுடையப்பன் முகம் கறுத்துவிட்டது.

"நான் முதல்முதலா வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான்."

அது ஆவுடையப்பனின் மனைவி செண்பகம் இறந்த பதினேழாம் நாள். காலையில் வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தவர் உச்சிவேளை வரை புலம்பினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அந்த மௌனத்தை நம்பித்தான் ஏழு வருஷமாக இங்கேயே கிடக்கிறார்.

"நான் சொன்னதுல ஏதாவது காதுல விழுந்துதா? இல்ல, அதுவும் இல்லையா?"

"செண்பகம் கடைசியா நுங்கு கேட்டாங்க. சீசன் இல்லையே, எங்க கிடைக்கும்னு நீங்க தேடியே போகல. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீங்க."

ஆவுடையப்பன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அவ்வளவு வலியோட ஏம்மா உட்கார்ந்திருந்தீங்க? உள்ள போயி படுத்திருக்கலாமே."

"படுத்திருக்கலாம். உள்ள வலி மட்டும்தான் இருந்திருக்கும். இங்க நீங்களும் இருந்தீங்க."

ஆவுடையப்பன் மடியில் கிடந்த ஈர்க்கை எடுத்து உருவினார். அது முடிந்ததும் துணிப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.