சடைச்சி கட்டிய பொய்ப்பூச்சி

மலையோடைக் கரையில் சடைச்சி என்ற நீர்நாய் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. மீன் பிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருநாள் பாறை உருண்டு பின்னங்கால் நசுங்கியது. அதோடு நீச்சல் போயிற்று. கரையில் பொறுக்கும் நத்தைதான் சாப்பாடு என்றாயிற்று.

"அம்மா, நத்தை வேண்டாம்மா! மீன் கொடும்மா!" என்று குட்டிகள் அழுதன. இரண்டும் எலும்பும் தோலுமாகிவிட்டன.

ஓடைமேல் பறக்கும் மஞ்சள் பூச்சிகளை மீன்கள் துள்ளித் துள்ளிப் பிடிப்பதை அது பார்த்தது. "ஒரு பொய்ப்பூச்சி செய்தால் என்ன?"

முயல் உதிர்த்த ரோமத்தைப் பொறுக்கி வந்தது. பிசுக்குப் போகப் பூந்திக்கொட்டை நுரையில் அலசியது. மஞ்சள் கிழங்குச் சாற்றில் ஊறவைத்து, பாறையில் உலர்த்தியது. வளைந்த இலந்தை முள்ளில் அதைச் சுற்றி, நீளமான கற்றாழை நாரின் நுனியில் கட்டியது.

"அடேயப்பா! தங்கமாய் ஜொலிக்கிறதே அக்கா!" என்றது மைனா.

"கொள்ளை அழகு!" என்றது முயல்.

சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பொய்ப்பூச்சியை ஓடையில் வீசிவிட்டு, நாரின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது. பொழுது உச்சிக்கு வந்தது. ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னைத் தின்னமாட்டேன் என்றால் ஒன்று சொல்கிறேன்" என்றது தவளை, எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

"சொல்லித் தொலை!"

"நான் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தேன். உன் தங்கம் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது!"

"மைனாவே மெச்சியது. உனக்கென்ன தெரியும்?" என்று சீறியது சடைச்சி. அதற்குள் சின்னக்குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துவிட்டது. அதைக் கண்டதும் வீம்பெல்லாம் போய்விட்டது. சடைச்சி கரையோரம் படுத்து, தலையை நீருக்குள் விட்டு மேலே பார்த்தது.

நிஜப்பூச்சிகள் வெயில் ஊடுருவ வெளிறித் தெரிந்தன. தன் பூச்சியோ நனைந்து, கறுத்து, கட்டியாக மிதந்தது. "காய்ந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்தேனே!"

உடனே கீரியின் சாம்பல் ரோமத்தை வாங்கிவந்தது. சாயமேற்றாத வெள்ளை முயல் ரோமத்தை அள்ளி, அதில் மஞ்சள் ரோமத்தையும் சாம்பல் ரோமத்தையும் சிறிது சிறிதாகச் சேர்த்து நகத்தால் கோதிக் கலந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை நனைத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தது. கறுத்தால் இன்னும் கொஞ்சம் வெள்ளை. நான்காம் கலவையில்தான் நிறம் சரியாக வந்தது. அதை முள்ளில் சுற்றிக் கட்டியது.

"இதென்ன அக்கா, குப்பையில் பொறுக்கியதா?" என்று சிரித்தது மைனா.

"நீயா இதைக் கவ்வப்போகிறாய்?" என்றது சடைச்சி.

பொய்ப்பூச்சி நீரைத் தொட்டதுதான் தாமதம். 'சளக்!' நார் விறைத்தது. சடைச்சி பல்லைக் கடித்து இழுத்தது. கொழுத்த கெண்டை ஒன்று கரையில் வந்து விழுந்தது. முதல் துண்டு சின்னக்குட்டிக்குப் போயிற்று.

யாருக்காக ஒன்றைச் செய்கிறோமோ அவர்கள் கண்ணால் அதைப் பார்க்காதவரை, ஊரே மெச்சினாலும் அந்த உழைப்பு வீண்தான்.