கல்லா, கல்வெட்டா?

மனமகிழ் மன்றத்தின் புல்வெட்டும் வண்டி எதன்மீதோ மோதி, கத்திகளை மூடியிருக்கும் அடித்தகடு நசுங்கிப்போயிருந்தது. வண்டியோட்டி சூசையப்பன் அதைக் கழற்றிக் கவிழ்த்து, சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தான். மன்றத் தலைவர் தர்மசீலன் நிலைகொள்ளாமல் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். உறுப்பினர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு சொட்டைகூடத் தெரியக் கூடாது. ‘கவனமில்லாமல் கல்லில் மோதினேன்’னு எழுதிக் கையெழுத்தும் போடு. இல்லைன்னா உனக்கு வேலை கிடையாது.”

“போடுறேன் ஐயா. எந்தக் கல்லுன்னு எழுதணும்?”

“ஏதோ ஒரு கல்லு!”

சூசையப்பன் தகட்டின் இடுக்கில் சிக்கியிருந்த கருங்கல் சில்லைப் பிடுங்கி எல்லாருக்கும் காட்டினான். அதில் பொன்னெழுத்தில் ‘தர்ம’ என்று இருந்தது.

“இது கல்லு இல்லீங்க ஐயா, உங்க பேரு போட்ட கல்வெட்டு. புல்வெட்டுற வண்டி கல்வெட்டையே வெட்டியிருக்கு. கண்ணிருக்கிற எவனாவது அதுல போய் மோதுவானா?”

தலைவருக்குச் சுருக்கென்றது.

“யாருக்குடா கண்ணில்லை? முட்டளவு புல்லு மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சூசையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“நியாயம்தான் ஐயா. புல்லை வளர விட்டது என் தப்பு. அதுக்கு வேணும்னா கையெழுத்துப் போடுறேன்.”