பிறக்காத பெண்ணுக்குப் பொருத்தம் பார்த்த கதை

புளியஞ்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாவு மில்லின் மாடியில், 'பஞ்சநதம் கணினி ஜோதிட நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். அதற்குக் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான். அது மேஜைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர். ஆடி மாசக் கடைசியில் அதுவும் புகைந்து போய்விட்டது.

மூன்று பேரும் யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி பஞ்சநதம், முப்பது வருஷமாக ஜாதகம் பார்க்கிறவர். இன்றுவரை ஒரு ராசிக் கட்டத்தைக்கூடத் தன் கையால் போட்டதில்லை. "என் கண்ணு பொய் சொல்லும், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்பார். அடுத்தவன் மெய்யழகன். டீ வாங்கி வருவான். யார் எதைச் சொன்னாலும் "அதானே" என்பான். மூன்றாவது ஆள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிற நம்ம கலியபெருமாள். வயசு முப்பது, நெற்றி மட்டும் நாற்பதைத் தாண்டியிருந்தது. பதினேழு வீட்டில் பெண் பார்த்து, பதினேழு வீட்டிலும் பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

பதினெட்டாவதாக வந்தவள் தையல்நாயகி. பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியாரம்மா. அவள் இவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள்! ஏன் சொன்னாள் என்று புளியஞ்சேரிக்கே விளங்கவில்லை. "என் சம்பளம் எவ்வளவுன்னு அவர் கேக்கவே இல்லை" என்றாளாம். பாவம், கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கலியபெருமாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா வைத்தியலிங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பெரியவளுக்கு உங்க கம்ப்யூட்டர்லதான் பொருத்தம் பார்த்தோம், நல்லா இருக்கா. சின்னவளுக்கும் அதுலயே பார்த்துடுங்க. வெள்ளிக்கிழமை காலையில வந்து காட்டுங்க, தட்டு மாத்திக்கலாம். வரலேன்னா சாயங்காலம் திருவாரூர்க்காரங்க வர்றாங்க, அவங்களுக்கு வாக்குக் கொடுத்துடுவேன்."

அதைக் கேட்டு இவர்கள் மாடியேறி வந்தபோதுதான் கம்ப்யூட்டர் புகைந்துகொண்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

கலியபெருமாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழ்க்கடைத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பரக்கத் நிஷாவிடம் ஓடினான். அந்தம்மா திறந்து பார்த்துவிட்டு, "இது போய்ச் சேர்ந்துடுச்சு, தம்பி" என்றார். இவன் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டு, "அழாதே. எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. புது லேப்டாப்புக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி அது நடிக்கும். அதுல தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து ஓ.எஸ்ஸை ஏத்தி, அதுக்கு மேல உங்க ஜாதக சாஃப்ட்வேரை ஏத்திட்டா எல்லாம் பழையபடி ஓடும்" என்றார்.

மெய்யழகன் தன் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த தொடுதிரை லேப்டாப்பைக் கொண்டுவந்தான். பரக்கத் நிஷா அதில் எமுலேட்டரையும் வேண்டிய ஃபைல்களையும் போட்டுக் கொடுத்தார். ஒரு தாளில் இரண்டு பக்கமும் குறிப்பு எழுதி நீட்டினார். "எழுதியிருக்கிறபடியே செய்யுங்க. சொந்தப் புத்தியை உபயோகிக்காதீங்க. தாளைத் தொலைச்சிடாதீங்க."

இரண்டாவது எச்சரிக்கை அவர்களுக்குத் தேவையே இல்லை. மூன்றாவதைப் பஞ்சநதம் சிரமேற்கொண்டார். மாடிக்கு வந்ததும் மைதா பசை காய்ச்சி, தாளை லேப்டாப் மூடியின் முதுகில் அழுந்த ஒட்டிவிட்டார். முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது. பின்பக்கம் பசைக்குள் போனது.

வேலை தொடங்குமுன் ஒரு பெரிய சந்தேகம் வந்தது.

"பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு கிலோ" என்றார் பஞ்சநதம். "இது ரெண்டு கிலோ. இதுக்குள்ள அது இருக்குன்னா, மிச்சம் பத்து கிலோ எங்கேடா?"

"நடிக்கும்னு சொன்னாங்களேய்யா" என்றான் கலியபெருமாள். "மெலிஞ்ச மாதிரி நடிக்குது."

"அதானே" என்றான் மெய்யழகன்.

தாளில் முதல் வரி, 'எமுலேட்டரைத் திறக்கவும்.' திறந்தார்கள். இரண்டாவது வரி, 'முதல் ஃபிளாப்பியில் தொடங்கி, பதின்மூன்றையும் வரிசையாகப் போடவும்.' திரையிலேயே பட்டியல் இருந்தது, தொட்டால் போதும். ஆனால் அலமாரியில் ஒரு தகரப்பெட்டி நிறைய, பழைய கம்ப்யூட்டருக்குள் நுழைக்கும் சதுர பிளாஸ்டிக் தட்டுகளாக, நிஜ ஃபிளாப்பிகள் இருந்தனவே! லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஃபிளாப்பி நுழைகிற வாய் எங்கும் இல்லை. கடைசியில் கலியபெருமாள்தான் கண்டுபிடித்தான், மூடியைத் திறந்தால் எவ்வளவு பெரிய வாய்! முதல் ஃபிளாப்பியை வாயில் வைத்து மூடினான். விளக்கு அணைந்தது.

"சாப்பிட்டதும் தூங்குது" என்றார் பஞ்சநதம். "எழுப்பி அடுத்ததைக் கொடு."

ஒன்பதாவது ஃபிளாப்பிக்கு மேல் வாய் மூடவில்லை. கலியபெருமாள் ஃபோன் போட்டான். "அக்கா, இதுக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு. மிச்சம் நாலையும் நாளைக்குக் கொடுத்துக்கலாமா?"

அந்தப் பக்கம் டொக்கென்று ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பரக்கத் நிஷாவே மாடியேறி வந்தார். ஃபிளாப்பிகளை உருவிப் போட்டுவிட்டு, பட்டியலைத் தொட்டு வேலையைத் தொடங்கிவைத்தார். "இனிமே இது முடியுற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. திரையில கேக்கிறதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க, போதும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொன்ன மாதிரியே திரையில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்து நின்றது. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான்.

"ஒப்பந்தம்னா லேசுப்பட்ட விஷயமா?" என்றார் பஞ்சநதம். "நல்ல நேரம் பார்த்து, வெத்தலை பாக்கு மாத்தித்தான் சரின்னு சொல்லணும்." தாம்பூலத்தைக் கொண்டுவந்து லேப்டாப்பின் முன்னால் வைத்தார்கள். ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்தார்கள். கழிந்தது. மூவரும் ஒரே குரலில் "சரி" என்றார்கள். திரை அசையவில்லை.

"சரின்னு அமுக்கணும் போலிருக்குய்யா. ஆனா கை வைக்கக் கூடாதே!" என்றான் கலியபெருமாள்.

கையைத்தானே வைக்கக் கூடாது? மெய்யழகன் குனிந்து மூக்கை வைத்தான். பொத்தான் கிட்டே போகும்போது தும்மிவிட்டான். தும்மல் ஆகாத சகுனம் என்று எல்லோரும் அரை மணிநேரம் உட்கார்ந்து எழுந்தார்கள். மறுபடி மூக்கு, மறுபடி தும்மல். புதன்கிழமை முழுக்க இப்படியே போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை காலையில் கலியபெருமாள் தன் மூக்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தான். கல்யாணம் யாருக்கு ஆக வேண்டுமோ அவன் மூக்குத்தானே முன்னே நிற்க வேண்டும்?

தாளின் கடைசி வரி, 'தேதி கேட்டால் இன்றைய தேதியே கொடுத்து, வருஷத்தை மட்டும் 1995 என்று வைக்கவும். இல்லாவிட்டால் பழைய ஓ.எஸ். மிரளும்.' அப்படியே வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு டொய்ங் என்று ஒரு சத்தம். பழைய திரை, பழைய பிள்ளையார் படம், பழைய ஜாதக சாஃப்ட்வேர் எல்லாம் திரும்ப வந்து நின்றன. கலியபெருமாள் ஓவென்று அழுதான். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பையன் பிறந்தது தொண்ணூற்றைந்து மாசி. தட்டினான். 'வயது: ஆறு மாதம்' என்றது கம்ப்யூட்டர். பெண் பிறந்தது அதே வருஷம் கார்த்திகை. தட்டினான். 'இவர் இன்னும் பிறக்கவில்லை' என்றது.

மூன்று பேரும் திரையை மறுபடி ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

"நான் அவங்களைப் பார்த்தேனேய்யா" என்றான் கலியபெருமாள். "கேசரி கொடுத்தாங்க."

"கேசரி யார் வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றார் பஞ்சநதம். "கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான். முதல்ல உன் கதையைப் பாரு. ஆறு மாசக் குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சா போலீஸ் யாரைப் பிடிக்கும்? என்னை!"

"அதானே!"

"அப்ப பொண்ணு எங்கேதான்யா இருக்கு?"

பஞ்சநதம் விரலை மடக்கி எண்ணினார். கார்த்திகைக்கு இன்னும் மூன்று மாசம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட பைத்தியமே, இது நல்ல சேதிடா! பொண்ணு வயித்துல இருக்கு. அம்மாவுக்கு இது ஏழாம் மாசம். நாளைக்கு நாம தட்டு மாத்தப் போகலை, வளைகாப்பு வரிசை எடுத்துக்கிட்டுப் போறோம்."

"ரெண்டாவது பிரசவத்துக்கு வளைகாப்பு உண்டாய்யா? அவங்களுக்குப் பெரிய பொண்ணு ஒண்ணு இருக்கே."

"பெரியவளைக் கம்ப்யூட்டர்ல இன்னும் ஏத்தலையே. அப்ப இது தலைப்பிரசவம்தான்."

மறுநாள் காலை, கண்ணாடி வளையல் ஆறு டஜன், சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சாதம், லேப்டாப் சகிதம் மூவரும் வைத்தியலிங்கம் வீட்டு வாசலில் இறங்கினார்கள். கதவைத் திறந்தது தையல்நாயகி. பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்திருந்தாள். கலியபெருமாள் பதறிவிட்டான்.

"நீங்க ஏங்க வெளியில வந்தீங்க? இன்னும் மூணு மாசம் இருக்கே!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பஞ்சநதம் கூடத்துக்குப் போய், ஐம்பத்தெட்டு வயசு மங்களத்தம்மாளை மணையில் உட்காரச் சொல்லி வளையலை நீட்டிவிட்டார். "வலது கையை முதல்ல கொடுங்கம்மா. கனமான வேலை ஏதும் செய்யாதீங்க." மங்களத்தம்மாள் புருஷனைப் பார்த்தார். வைத்தியலிங்கம், "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

தையல்நாயகி லேப்டாப்பை வாங்கித் திரையைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் சிரித்தாள், மூன்றாவது நிமிஷம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூடியில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் மறுபக்க எழுத்து நிழலாடியது. கொஞ்சம் தண்ணீர் தொட்டு நனைத்து மெல்ல உரித்துக் கலியபெருமாள் கையில் கொடுத்தாள். "பின்னாடியும் எழுதியிருக்கு, பாருங்க."

அவன் உரக்கப் படித்தான். 'எல்லாம் ஏறி முடிந்துவிட்டதா? இதைப் படித்ததும் தேதியை முப்பது வருஷம் தள்ளி வைக்கவும்.' தள்ளி வைத்தான்.

பையனுக்கு வயது முப்பது, பெண்ணுக்கு இருபத்தொன்பது, பத்துக்கு ஒன்பது பொருத்தம்! வைத்தியலிங்கத்துக்கு உயிர் வந்தது. "ஏதோ விளையாட்டுக்குச் செஞ்சாங்க போலிருக்கு. மங்களம், தட்டை எடுத்துட்டு வா" என்றார். தையல்நாயகி கலியபெருமாளைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

பஞ்சநதம் கொல்லையில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேஜைமேல் ஈரத்தாள் கிடந்தது. எடுத்துப் படித்தார். படித்ததும் நேராகப் போய்த் தேதியை முப்பது வருஷம் தள்ளி வைத்தார்.

"நான் ஏற்கெனவே தள்ளி வெச்சுட்டேனேய்யா!"

"நீ படிச்சதுக்கு நீ வெச்சே. நான் படிச்சதுக்கு யார் வைக்கிறது?"

"அதானே" என்றான் மெய்யழகன். நல்லவேளையாக அவன் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே மறந்து வந்திருந்தான். இல்லாவிட்டால் எல்லோருக்கும் தொண்ணூறு வயசாகியிருக்கும்.

திரையில் பையனுக்கு வயது அறுபது, பெண்ணுக்கு ஐம்பத்தொன்பது. பஞ்சநதம் பெருமூச்சு விட்டார். "கல்யாணம் எப்பவோ ஆகியிருக்கு. நமக்கெல்லாம் சொல்லவே இல்லை. சரி, அறுபதாம் கல்யாணத்துக்காவது நாள் பார்ப்போம்."

"ஐயா, ஒரு முப்பதைக் குறைச்சிடுங்க, சரியாயிடும்" என்றாள் தையல்நாயகி.

"குறைக்கச் சொல்லித் தாள்ல எழுதலையேம்மா."

அவள் அவரை விட்டுவிட்டாள். கலியபெருமாள் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்க. உங்க கண்ணுக்கு எனக்கு எத்தனை வயசு தெரியுது?"

கலியபெருமாள் அவள் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். பாவிப்பயல், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "வயசே தெரியலைங்க, அப்படியே இருக்கீங்க" என்றான். "ஆனா கண்ணு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்லாது."

"அப்பா, திருவாரூருக்கு ஃபோன் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கலியபெருமாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி, முதியோர் என்று எழுதியிருந்த சீட்டில் உஸ்ஸென்று உட்கார்ந்தான். பக்கத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "தம்பி, அது வயசானவங்க சீட்டு" என்றார்.

"தெரியும்ங்க. எனக்கு அறுபது முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். சரி, எதற்கும் பேச்சுக் கொடுப்போம் என்று, "சம்சாரம் வரலியா?" என்றார்.

கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்க. இப்போ திடீர்னு திருவாரூர்க்காரரைக் கட்டிக்கப் போறாங்களாம்."

"அடடா! நடுவுல ஏதாவது சண்டை வந்துச்சா?"

கலியபெருமாள் நெற்றியைச் சுருக்கி, ஊர் வரைக்கும் யோசித்துப் பார்த்தான்.

"ஒரு சண்டைகூட வந்த ஞாபகம் இல்லைங்க" என்றான்.