உள்ளே போன பாதி

"எங்க அக்காவைத் தின்னது அந்த மில்லுதான் மேடம்," என்றார் ஜெபசிங்.

எஸ்தர் அக்காவை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை, முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துப் படிக்கவைத்தவர். தம்பி நாற்பத்தொரு வயதில் இன்னும் ஆராய்ச்சி மாணவர்.

வழிகாட்டி ஷம்ஷாத் அவரைவிட ஐந்து வயது இளையவர். ஆறுதல் சொல்வது அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. விமான எஞ்சின் பிளேடு ஒன்றின் வெட்டுமுகத்தைத் திரையில் போட்டார்.

"உங்க பிளேடுதான். ஆயிரத்து நூறு டிகிரியில ஐந்நூறு மணி நேரம் இருந்தது. மஞ்சள் புள்ளியெல்லாம் நாம பூசின அலுமினியம். மேல போட்ட பூச்சுல எவ்வளவு மிச்சம்?"

"கால்வாசிகூட இல்ல."

"மீதி எங்க போச்சு?"

"சூடுதான் தின்னுட்டு."

"அளந்து சொல்லுங்க."

அளந்தார். அந்த மீதியில் வெளியே போனது பாதிதான்.

மறு பாதி உள்ளே இறங்கியிருந்தது. பூச்சு எதைக் காத்து நின்றதோ, அந்த உலோகத்துக்குள்ளேயே.

ஜெபசிங் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ, அக்காவைத் தின்னது நானும்தானா மேடம்?"

அவர் தன் பையைத் திறந்தார்.

"நான் படிச்சுக் கிழிச்சது போதும்." விலகல் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு அடக்கமாட்டாமல் அழுதார்.

"இந்த பிளேடு திருடிருக்கு மேடம்."

"இல்ல. ஒட்டி இருந்துச்சு. சூடு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

திரையை மாற்றினார். அதே பிளேடு, இப்போது நீலப் புள்ளிகள்.

"இது நிக்கல். பிளேடு செஞ்ச உலோகம்."

பூச்சு முழுக்க நீலம் பரவியிருந்தது.

"நாம போட்ட பூச்சுல நிக்கலே கிடையாதே மேடம்."

"கிடையாது."

ஜெபசிங் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தார். அப்புறம் கடிதத்தைத் திரும்ப எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா அஞ்சாங்கிளாஸோட நின்னவ மேடம். கடைசி வாரம், மூஞ்சியில இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிட்டு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டிருந்தா. 'பிளேன்ல உள்ள பிளேடு ஆயிரத்து நூறு டிகிரி தாங்கணும் சிஸ்டர். மேல ஒரு பூச்சு வேணும். இல்லைன்னா பாவம், அது தாங்காது.'"