கூரைக்கு அப்புறம்தான் சோறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா ஆசையாசையாக ஒரு கல்விக்கழகம் கட்டினார். பேர் என்னவோ பெரிய பேர்தான். மாணவர் விடுதிக் கூரையோ சல்லடை. மழை வந்தால் பிள்ளைகள் சுவடிகளை மூடிவிட்டுத் தாங்கள் நனைவார்கள். கூரை மேயக் கேட்ட விண்ணப்பம் வருஷக்கணக்காகப் பேரவையில் கிடந்தது. பண்டிதர்கள் கூடுவார்கள், "ஓர் உபகுழு ஆராயட்டும்" என்பார்கள், சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள்.

விகடகவி அம்பலத்தாடி இதை ராஜாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டான். பேரவைத் தலைவர் சடகோபப் பண்டிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மகாராஜா! நாளைக்குள் இவரே பேரவையை முடிவெடுக்க வைக்கட்டும். ஆனால் எங்கள் விதி மீறக்கூடாது. அனுமதியின்றி அங்கே துரும்பும் அசையாது. முந்தி வந்த விண்ணப்பம் முடியாமல் பிந்தி வந்ததை எடுக்க மாட்டோம். தோற்றால் நாட்டைவிட்டே போகட்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அம்பலத்தாடி யோசனையோடு வீட்டுக்குக் கிளம்பினான். மேற்கே மேகம் வேறு திரண்டது. அந்த விதியையே மென்றுகொண்டு நடந்தவன், நடுத்தெருவில் நின்று ஒரு துள்ளு துள்ளினான்!

மறுநாள் ராஜா முன்னிலையில் பேரவை கூடியது. கூரைப் பேச்சு வந்ததும், "ஓர் உபகுழு..." என்று இழுத்தார் சடகோபர். உச்சிவேளை ஆயிற்று. மடைப்பள்ளியிலிருந்து நெய் வாசனை வந்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

அம்பலத்தாடி வாசலை மறித்தான். "பெரியோர்களே, பொறுத்தருள வேண்டும். இங்கே சோறு போடப் பேரவை இதுவரை அனுமதி தந்ததே இல்லையாம்! அனுமதியின்றி இலை அசையலாமா? இன்று காலைதான் அதற்கு விண்ணப்பம் கொடுத்தேன். அது கூரைக்குப் பின்னால் நிற்கிறது. உபகுழு ஆராய்ந்து முடிக்கட்டும், பிறகு சாப்பிடலாம்."

"அபத்தம்!" என்று கத்தினார் சடகோபர்.

"விதி தங்களுடையதுதானே, பண்டிதரே?" என்று ராஜா மீசையைத் தடவினார்.

உள்ளே வடை பொரிந்தது. ஒரு பண்டிதரின் வயிறு சபை கேட்க உறுமியது. "கூரை மேயலாம், மேயலாம்!" என்று கைகள் உயர்ந்தன, கடைசியில் சடகோபர் கையும்தான். வெளியே அம்பலத்தாடி ஓலையோடு நிறுத்தியிருந்த ஆட்கள் விடுதிக் கூரையில் ஏறினார்கள். சோற்று விண்ணப்பமும் அடுத்த நொடியே நிறைவேறியது. அதற்கப்புறம்தான் இலை விழுந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, முத்துமாலையைக் கழற்றினார்.

"பரிசு விஷயத்தை ஓர் உபகுழு..." என்று ஆரம்பித்தார் சடகோபர்.

"தாராளமாக ஆராயட்டும். பாயசம் அதுவரை காத்திருக்கும்" என்றான் அம்பலத்தாடி.

"கொடுத்துவிடுங்கள் மகாராஜா!" என்று பந்தி முழுவதும் அலறியது. மாலை அவன் கழுத்தில் விழுந்தது.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. விடுதியில் ஒரு பிள்ளையும் நனையவில்லை. நனைந்தது, அவமானத்தில் சடகோபர் பேரவை வாசலிலேயே மறந்துபோன செருப்பு மட்டும்தான்.