விலக்குப் பட்டியல்

"எவனோ பொறுப்பத்த பய, ரத்த வங்கியோட பாஸ்வேர்ட் இருக்குற கோப்பைக் கொண்டாந்து, நம்ம நிரலையெல்லாம் சேத்து வைக்குற கிட் களஞ்சியத்துல போட்டு வச்சிருக்கான், டீச்சர்! கையில கெடைச்சான்னா தோலை உரிச்சுப்புடுவேன்."

கோமதிநாயகம் குரலை ஏற்றித்தான் சொன்னார். ஐம்பது வயதில் லேத் பட்டறையை விட்டுவிட்டு நிரல் எழுதக் கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. ரத்த வங்கிக்கான நிரலைத்தான் இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் எதுக்கு அண்ணாச்சி? என்ன செஞ்சீங்க?"

"விலக்குப் பட்டியல்ல அந்தக் கோப்போட பேரைச் சேர்த்துட்டேன். இனிமே உள்ள வராது. சோலி முடிஞ்சுது."

ஜெசிந்தா களஞ்சியத்தைத் திறந்து காட்டினாள். கோப்பு அங்கேயே இருந்தது.

"பட்டியல்ல பேரு இருக்கே!"

"பட்டியல் இனிமே வரப்போறதைத் தடுக்கும். இது முன்னாடியே வந்து உக்காந்தாச்சு."

"அப்ப அழிச்சுடுதேன்."

அழித்தார். மாற்றத்தைப் பதிவு செய்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

களஞ்சியம் பழைய பதிவுகளையும் அப்படியே வைத்திருக்கும். அவள் மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவுக்குப் போனாள். கோப்பு திறந்தது. பாஸ்வேர்ட், ஓர் எழுத்துக் குறையாமல்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ரத்தம் கொடுத்த நாலாயிரம் பேரின் விவரம் இருந்தது. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் தனக்கு இன்ன நோய் என்று தெரிந்து, அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர்களும் அதில் உண்டு.

"பழைய பதிவையும் வெட்டி எறிஞ்சிட்டா?"

"எறியலாம். வெளியாளுங்க ஆறு பேர் நகல் எடுத்திருக்காங்களே, அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குறதை?"

"பின்ன என்னதான் செய்யச் சொல்லுதீய?"

கோப்பைச் சேர்த்தவர் பெயர் திரையின் மேல்வரியில் இருந்தது. ஜெசிந்தா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

கோமதிநாயகம் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டியதே இல்லை. மூன்று வாரத்துக்கு முன், சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், இருந்த கோப்பையெல்லாம் ஒரே கட்டளையில் அள்ளிப் போட்டது அவர் கைதான்.

குரல் இறங்கிவிட்டது. "டீச்சர்... நீங்களே ரத்த வங்கி டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை... யாரு போட்டதுன்னு தெரியலைன்னு..."

அவள் கையை எடுக்கவில்லை.

"பாஸ்வேர்ட் மாறிட்டா, இது எங்க கெடந்தாலும் வெறும் எழுத்துதான். அதை மாத்த டாக்டரம்மா ஒருத்தராலதான் முடியும். நான் பேரு கேக்கலை அண்ணாச்சி. போட்டவரு யாரோ, அவரே போய் அவங்க முன்னால நிக்கட்டும். இப்பவே."